கதவில் இரண்டாவது பெயர்

கிண்ணத்துத் தண்ணீரில் அப்பாவின் பெயர் இளஞ்சிவப்பாகக் கரைந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை கையில் இடுக்கியோடு அதையே பார்த்தபடி நின்றார். எழுத்துகளைச் சுற்றி அச்சடித்திருந்த சிவப்பு மை முதலில் வெள்ளை எழுத்துகளுக்குள் புகுந்தது. பிறகு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, அடிபட்ட விரலைக் கழுவிய தண்ணீர் போல ஆகிவிட்டது. அதே தாளில் மேல் வரியில் இருந்த மாமனாரின் பெயர் மட்டும் ஓர் எழுத்துக்கூடக் கலங்காமல் ஜம்மென்று கிடந்தது. வார்னிஷ் மேல் வரியில் சரியாக விழுந்திருக்கிறது, கீழ் வரியில் விழவில்லை, விஷயம் அவ்வளவுதான். ஆனால் மாப்பிள்ளைக்கு அது அவ்வளவோடு நிற்கவில்லை. "இதுலயுமா?" என்று கிண்ணத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் வாஷ்பேசினில் கொட்டினார்.

மாப்பிள்ளை என்பது பெண் எடுத்த வீட்டில் வந்த பெயர். மனைவியின் அண்ணன் ஒருநாள் இவர் வேலை செய்யும் இடத்துக்கு போன் போட்டு, "மாப்பிள்ளை இருக்காரா?" என்று கேட்கப் போக, அங்கேயும் அதுவே ஒட்டிக்கொண்டது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்செட்டும் கேப்பும் செய்து கொடுக்கிற லேப் அது. ஒரு முன்பல்லுக்குப் பக்கத்துப் பல்லின் நிறம் வர வேண்டுமென்றால் மாப்பிள்ளை மேஜைக்குத்தான் போகும். வெள்ளை என்று பொதுவாகச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். எந்த வெள்ளை என்று கேட்பார். நகத்து வெள்ளையா, பால் வெள்ளையா, நாள்பட டீ குடித்த வெள்ளையா என்று கேட்டு, ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார்.

இப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு வெள்ளை எழுத்து இப்படிப் பாடாய்ப் படுத்தும் என்று யார் கண்டது?

விஷயம் இதுதான். மச்சானின் லாரி கம்பெனிக்குப் புது ஆபீஸ் கட்டி முடிந்துவிட்டது. வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டி ஒன்று வைத்து, அதற்குள் கம்பெனியின் முதல் லாரியைச் சின்னதாகச் செய்து வைக்க வேண்டும் என்று மச்சானுக்கு ஆசை. மாப்பிள்ளைக்குக் கிட் வாங்கி மாடல் செய்யும் பைத்தியம் உண்டு என்பது குடும்பத்துக்கே தெரியும். பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, உப்புக் காகிதத்தில் தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து வண்டியை நிறுத்திவிடலாம். அதெல்லாம் அவருக்கு லட்டு மாதிரி. கஷ்டம் கதவில் எழுத்து வரும்போதுதான். பெட்டியோடு வரும் எழுத்துத் தாளில் ஊர் பேர் தெரியாத கம்பெனிகளின் பெயர்தான் இருக்கும். நமக்கு வேண்டிய பெயரை நாமே அச்சடித்துக்கொள்ள வேண்டும். அதற்கென்று ஒரு தாள் விற்கிறார்கள். அதில் பிரிண்டரில் அடித்து, காயவிட்டு, மேலே வார்னிஷ் ஸ்ப்ரே செய்து, வெட்டித் தண்ணீரில் போட்டால், தாளை விட்டு மெல்லிய ஏடு மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். அதை அப்படியே நகர்த்தி வண்டியில் உட்கார வைக்க வேண்டும். டெக்கல் என்று பெயர். மனைவி அதை ஸ்டிக்கர் என்பாள். ஸ்டிக்கர் இல்லை டெக்கல் என்று அவர் திருத்துவார். "சரி, உங்க ஸ்டிக்கர் காஞ்சிடுச்சா பாருங்க" என்பாள் அவள்.

இதில் ஒரு கழுத்தறுப்பு உண்டு. வீட்டுப் பிரிண்டரில் எல்லா நிறமும் வரும், வெள்ளை மட்டும் வராது. வெள்ளை மை என்ற ஒன்றே அதற்குள் கிடையாது. லாரியோ அடர் சிவப்பு, எழுத்தோ வெள்ளை. எனவே வெள்ளைத் தாளை எடுத்து, எழுத்தை விட்டுவிட்டு மீதி இடம் முழுக்கச் சிவப்பு அடிக்க வேண்டும். மை படாத இடம்தான் எழுத்து. அப்பாவின் பெயர் என்று அவர் இத்தனை நாள் அச்சடித்தது, உண்மையில் அப்பாவின் பெயரைச் சுற்றியிருந்த சிவப்பைத்தான்.

ஆம், கதவில் இருந்தது இரண்டு பெயர். மச்சான் கொடுத்த பழைய புகைப்படத்தில் தெளிவாகத் தெரிந்தது. மேலே மாமனாரின் பெயர், கீழே அப்பாவின் பெயர், அதற்கும் கீழே சின்ன எழுத்தில் 'சரக்குப் போக்குவரத்து' என்று. இரண்டு நண்பர்கள் சேர்ந்து வாங்கிய லாரி அது. வண்டியின் முன்னால் இரண்டு பேரும் கைகட்டி நிற்கிறார்கள், அப்பா மட்டும் சிரிக்கிறார். அதற்குப் பிறகு என்ன நடந்ததென்று மாப்பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: அவர் வெளியூரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார், விடுமுறைக்கு வந்தபோது அப்பா லாரி ஷெட்டில் இல்லை. எடைமேடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மற்றவர்களின் லாரியை மேடையில் ஏற்றி, எடை எழுதி, சீட்டு கிழித்துக் கொடுக்கும் வேலை. அதே மேடையில் மாமனார் கம்பெனியின் லாரிகள் முதலில் ஒன்று, பிறகு வரிசையாக, ஏறி இறங்கின. அப்பா அத்தனைக்கும் சீட்டு கிழித்தார். என்னப்பா ஆயிற்று என்று ஒருமுறை கேட்டதற்கு, "விடுடா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எந்த மகனுக்கும் விளக்கம் தேவைப்படாது. துரத்திவிட்டார்கள் என்று மாப்பிள்ளை முடிவு கட்டிவிட்டார்.

அப்படியிருந்தும் மாமனார் தேடி வந்து பெண் கொடுத்தார். இவரும் கட்டிக்கொண்டார், அவளைப் பிடித்திருந்தது, அது வேறு கதை. ஆனால் கோபம் வரும்போதெல்லாம் ஒரு வாக்கியத்தை எடுத்து வீசுவார்: "பேரை எடுத்துக்கிட்டுப் பொண்ணைக் கொடுத்தாங்க." சொந்தக்காரர்கள் கூடிய இடத்தில்கூடச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். எல்லாரும் சிரிப்பார்கள். மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

எனவே மச்சான் அந்தப் புகைப்படத்தை நீட்டி, "இதே மாதிரி வேணும் மாப்பிள்ளை" என்றபோது அவருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று ஆனது. இதே மாதிரி என்றால் இதே மாதிரிதான். புது ஆபீஸுக்குள் நுழைகிற ஒவ்வொருவனும் முதலில் அந்தக் கதவைப் பார்ப்பான். அப்பாவின் பெயரை, சின்ன எழுத்தானாலும், படிப்பான். அது நடந்துவிட்டால் போதும். அதற்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உழைக்கவும் அவர் தயார்.

உழைக்கவும் உழைத்தார், மண்டை காய்ந்ததுதான் மிச்சம். முதலில் அச்சுச் சிவப்பும் பெயின்ட் சிவப்பும் ஒத்துவரவில்லை. திரையில் ஒரு சிவப்பு தெரியும், தாளில் வேறு சிவப்பு விழும். ஒரு தடவை ஆரஞ்சுப் பக்கம் சாயும், அதைச் சரி செய்தால் காய்ந்த ரத்தம் மாதிரி இருண்டு போகும். விதவிதமான சிவப்பைச் சின்னச் சின்னக் கட்டமாக ஒரு தாள் முழுக்க அடித்து, ஒவ்வொன்றாகக் கதவில் வைத்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒட்டியும் விட்டார். அச்சு அசலாகப் பொருந்தியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார், அவளும் தலையாட்டினாள். காலையில் ஜன்னலைத் திறந்தால் கதவின் நடுவே ஒரு துண்டு ரோஸ் துணியை ஒட்டுப் போட்ட மாதிரி இருந்தது. டியூப்லைட்டில் பார்த்த நிறம் பகலில் நிற்காது என்று லேபில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிற ஆள் இவர்! தன் வீட்டு மேஜையில் தானே அந்தக் குழியில் விழுந்திருக்கிறார். யாரிடம் போய்ச் சொல்லுவது? வெட்கம் வேறு, எரிச்சல் வேறு. அன்று லேபில் யாரோ ஒரு சின்னத் தப்பு செய்ததற்கு வழக்கமாகக் கத்துகிறவர், வாயே திறக்கவில்லை.

அடுத்து வார்னிஷ். மெல்லியதாக அடித்தால் தண்ணீரில் மை கரைந்தது. சரி என்று கனமாக அடித்தால் ஏடு தடித்துச் சுருங்கியது. மழை பெய்த அன்று அடித்ததில் மேலே வெண்மூட்டம் போட்டுவிட்டது. நன்றாக வந்தது என்று நினைத்த ஒன்று, கதவில் வைத்து நகர்த்தும்போது நடுவில் கிழிந்தது, அதுவும் சரியாக அப்பாவின் பெயருக்குக் குறுக்கே. மாமனாரின் பெயருக்கு ஒருமுறைகூட ஒன்றும் ஆகவில்லை. பிரிண்டருக்குக்கூடப் பெரிய கம்பெனிக்காரர்கள் யாரென்று தெரிந்திருக்கிறது என்று மாப்பிள்ளை மனைவியிடம் சொன்னார். அவள் வார்னிஷ் நாற்றத்துக்குப் பயந்து துணி மடிப்பதற்கு அடுத்த அறைக்குப் போனாள்.

பத்து தடவை இடித்துக்கொண்ட பிறகுதான் அவருக்குப் புத்தி வந்தது. இத்தனை நாள் அச்சைப் பெயின்ட்டுக்குப் பின்னால் ஓட வைத்துக்கொண்டிருந்தார். மாற்றிச் செய்தால் என்ன? பிரிண்டர் எந்தச் சிவப்பை ஒழுங்காகத் தருகிறதோ அதைத் தரட்டும், வண்டிக்குப் பெயின்ட் அதைப் பார்த்துக் கலக்கலாம். பெயின்ட் கலக்குவது அவர் கையில் இருக்கிற வித்தை. பெயரை மட்டும் வெட்டி ஒட்டாமல், கதவு முழுவதையும் ஒரே ஏடாக, கதவு இடுக்கு முதல் இடுக்கு வரை வெட்டிவிட்டால் ஓரமும் தெரியாது. முழு வண்டியின் பெயின்ட்டையும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தார். ஜன்னலோரம், பகலில், சட்டையில் சிவப்பு தெறிக்கத் தெறிக்க. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது ஏடு தயாராக இருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது அச்சு, எது பெயின்ட் என்று அவருக்கே தெரியவில்லை.

அன்று மதியம் மச்சான் வந்தார். பெரிய உடம்பு, சின்ன வயதிலிருந்து லாரிகளுக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய குரல், வீட்டுக்குள் அதை அடக்கிக்கொண்டு பேசுவார். வண்டியைக் கையில் தொடாமல் மேஜைக்குக் குனிந்து பார்த்தார். டீசல் டேங்க், பின்பலகையின் கொக்கி, கேபினுக்குள் கிழிந்த இருக்கை எல்லாவற்றையும் பார்த்துக் குழந்தை மாதிரிச் சிரித்தார். அப்புறம் பக்கத்தில் இருந்த ஏட்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"மாப்பிள்ளை, எல்லாம் பிரமாதமா இருக்கு. இந்த ரெண்டாவது பேரு மட்டும் வேண்டாமே."

மாப்பிள்ளை எதிர்பார்த்திருந்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் பதில் தயாராக இருந்தது. "போட்டோல இருக்கே மச்சான். இதே மாதிரி வேணும்னு சொன்னது நீங்கதான்."

"சொன்னேன். வண்டியைத்தான் நினைச்சேன், கதவை யோசிக்கல. பழைய டிரைவருங்க எல்லாம் அன்னிக்கு வருவாங்க. பார்த்துட்டு ஆளாளுக்கு ஒண்ணு பேசுவாங்க. எதுக்கு?"

"பேசட்டுமே. நடந்ததைத்தானே பேசப் போறாங்க."

மச்சான் தங்கையைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். மச்சான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அந்தப் பேரு அங்க இருக்கறதை உங்கப்பாவே விரும்ப மாட்டாரு."

அங்கேதான் மாப்பிள்ளைக்குத் தலைக்கு ஏறியது. போய்ச் சேர்ந்தவரின் விருப்பத்தை இவர் சொல்கிறாரா? அப்பா எடைமேடையில் உட்கார்ந்து வெயிலில் கருத்ததும், கண் மங்கிய பிறகும் இவர்கள் லாரிக்குச் சீட்டு கிழித்ததும் யாருடைய விருப்பம்? இத்தனையும் அவர் வாய்விட்டே கேட்டார், கேட்டதோடு நிறுத்தவில்லை. எங்கப்பா பேரு உங்களுக்கு அவ்வளவு கசக்குதா என்றார். கதவிலிருந்து ஒருதரம் எடுத்தது போதாதா, பொம்மையிலிருந்தும் எடுக்கணுமா என்றார். கடைசியில் அந்தப் பழைய வாக்கியத்தையும், இந்தத் தடவை சிரிக்காமல், மச்சானின் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

மச்சானின் முகம் கறுத்தது. அவர் திருப்பிக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. "உங்க இஷ்டப்படி செய்யுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். போட்டு வைத்த காபி ஆறிக் கிடந்தது.

அவர் போன பிறகு மனைவி பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவுவதுபோல வெகுநேரம் தண்ணீர் ஓடியது. மாப்பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வீம்புதான். உங்களுக்கு ஒரு பெயர்தானே வேண்டும், இந்தா, ஒரே பெயர், வைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தார். திரையில் அழிப்பதற்கு ஒரு விரல் போதுமாக இருந்தது. அச்சுக்குக் கொடுத்த பிறகுதான் பார்த்தார். பிரிண்டர் வழக்கத்தை விட அதிகமாகச் சிவப்பைக் குடித்தது. பெயர் இருந்த இடத்திலும் இப்போது மை விழ வேண்டுமல்லவா? ஒரு பெயரை எடுக்க இத்தனை மை! பிரிண்டரின் அச்சுத்தலை இப்படியும் அப்படியும் ஓட ஓட, அப்பா இருந்த இடம் நெருக்கமாகச் சிவந்துகொண்டே வந்தது. பாதியில் தாளைப் பிடித்து இழுத்தார். பிரிண்டர் கிரீச்சென்று கத்தி, தாளைக் கடித்துக்கொண்டு நின்றது.

"அதை உடைச்சுடாதீங்க" என்றாள் மனைவி வாசலில் நின்று. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் எதையும் அழிக்கல. எங்கப்பாவும் அழிக்கல."

அவர் திரும்பவில்லை.

"உங்கப்பா, மாமாதான் தன் பேரைத் தானே சுரண்டினாரு. நான் பார்த்தேன்."

அதற்குப் பிறகு அவள் சொன்னதை அவர் பிரிண்டரையே பார்த்தபடி கேட்டார். அவள் அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். தன் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட ஷெட்டுக்குப் போயிருக்கிறாள். லாரி உள்ளே நின்றது. மாமா தனியாகக் கதவுக்கு முன்னால் நின்று, பழைய பெயின்ட் எடுக்கிற தகட்டால் பெயரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவளுடைய அப்பா ஷெட் வாசலில் நின்று, வேண்டாம் என்று ஒருமுறை சொன்னார், பிறகு சொல்லவில்லை. இரண்டாவது லாரி எடுப்பதற்கு இரண்டு பேரும் வீட்டை அடகு வைப்பது என்று பேச்சு. கையெழுத்துப் போடப் போன இடத்தில் மாமாவுக்குக் கை ஓடவில்லை. எழுந்து வந்துவிட்டார். நான் இதில் இல்லை, என் பெயர் வேண்டாம், நீ பார்த்துக்கொள் என்றார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் துரத்தவில்லை.

மாப்பிள்ளைக்கு முதலில் வந்தது துக்கமில்லை, கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, டிரைவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, இவர் ஒருவர் மட்டும் சபை நடுவில் நின்று அந்த வாக்கியத்தை வீசி வீசிச் சிரித்திருக்கிறார். இவ்வளவு வருஷம் வாயை மூடிக்கொண்டு என்னைக் கோமாளி ஆக்கினாயா என்று மனைவியிடம் கேட்டார்.

"நீங்க அதைச் சொல்றப்பல்லாம் நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "எங்கப்பாவைத் திருடன்னு நாலு பேர் முன்னாடி சொன்னீங்க. கேட்டுக்கிட்டு இருந்தேன். அண்ணனையும் பேசாம இருக்கச் சொன்னேன். ஏன்னா மாமா என்கிட்ட கேட்டுக்கிட்டாரு. ஆஸ்பத்திரியில, நீங்க மருந்து வாங்கப் போயிருந்தப்ப."

"என்ன கேட்டாரு?"

"'நான் பயந்துட்டேம்மா. துரத்திட்டாங்கன்னு அவன் நெனச்சுக்கிட்டு இருக்கான். அப்படியே இருந்துட்டுப் போகட்டும். அப்பன் பயந்தாங்கொள்ளின்னு அவனுக்குத் தெரிய வேண்டாம்.' இதான் சொன்னாரு. நான் என்ன பண்ணட்டும்?"

மாப்பிள்ளை பிரிண்டர் பக்கம் குனிந்தார். பிரிண்டரின் மூடியைத் திறந்து, மாட்டிக்கொண்ட தாளைக் கிழியாமல் மெதுவாக எடுக்கப் பார்த்தார். கிழிந்தது. அதைக் கசக்கிக் குப்பையில் போட்டார். மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். புகைப்படத்தில் அப்பா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க இவருக்கு எரிச்சலாக வந்தது. சொல்லியிருக்கலாமே அப்பா. பயந்தால் என்ன? வீட்டை அடகு வைக்கிறோமென்றால் யாருக்குத்தான் கை நடுங்காது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இந்த மச்சானோடு மனம்விட்டுச் சிரித்திருப்பேன், இவளை இத்தனை முறை எழுந்து உள்ளே போக வைத்திருக்க மாட்டேன். உன் பயத்தை மறைக்க என்னைக் கோபக்காரனாக்கி விட்டாயே. இப்படியெல்லாம் படத்தைப் பார்த்துச் சண்டை போட்டார். எடைமேடையில் லாரி வந்து நிற்கும்போது அப்பா கதவைப் பார்த்திருப்பாரா, பார்க்காமல் சக்கரத்தை மட்டும் பார்த்திருப்பாரா என்று யோசித்தார். தெரியவில்லை. இனிமேல் தெரியப்போவதும் இல்லை.

வெளியே வெயில் சாய்ந்து ஜன்னல் வழியாக மேஜை மேல் விழுந்தது. அவர் எழுந்துபோய்க் கிண்ணத்தைக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு பெயரும் இருக்கிற நல்ல ஏட்டைக் கதவு அளவுக்கு வெட்டித் தண்ணீரில் போட்டார். மனைவி இன்னும் வாசலில்தான் நின்றாள். இவர் என்ன செய்கிறார் என்று புரியாமல் முகம் சுருங்கிப் போயிருந்தது. இத்தனை சொன்ன பிறகும் அதையே ஒட்டப் போகிறாரா? கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை.

ஏடு தாளை விட்டு வழுக்கியது. இந்தத் தடவை மை கரையவில்லை, சுருங்கவில்லை, கிழியவில்லை. ஈரத் தூரிகையால் கதவின் மேல் நகர்த்தினார். கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் கீழே. கதவு இடுக்கில் ஓரம் போய்ச் சரியாக விழுந்தது. அடியில் இருந்த தண்ணீரைத் துணி நுனியால் ஒற்றி எடுத்தார். காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லை. வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்பு ஒரே சிவப்பாக இருந்தது. இரண்டு பெயரும் யாரோ பெயின்ட்டர் ஏணி போட்டு எழுதிய மாதிரியே இருந்தன. இவ்வளவு நாள் இதற்காகத்தான் உசிரை விட்டார். இப்போது வந்துவிட்டது. இதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஆளை எங்கே தேடுவது?

அது காயட்டும் என்று வண்டியை மேஜை மேல் வைத்தார். அவள் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். காய்ந்தது என்று விரல் நுனியால் தெரிந்துகொண்ட பிறகு, மாப்பிள்ளை லேபிலிருந்து கொண்டு வந்து வைத்திருந்த மெல்லிய கத்தியை எடுத்தார். பல் ஓரத்தில் மெழுகு சீவுகிற கத்தி. அதன் முனையை வெயிலில் பார்த்தார். மாடல் செய்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு கேள்வி உண்டு: இது எந்த நாளைய வண்டி? வாங்கிய அன்றைக்கா, ஓடி அழுக்கான பிறகா, விபத்துக்கு முன்னாலா பின்னாலா? நாள் தெரியாமல் யாரும் கை வைக்க மாட்டார்கள். அவர் மனைவியைப் பார்த்தார்.

"எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிச்சாரு?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண் நிறைந்துவிட்டது. சிரமப்பட்டு யோசித்தாள், அந்த ஷெட்டையும் கதவையும் மறுபடி கண் முன்னால் நிறுத்திப் பார்க்கிறவள் மாதிரி.

"கடைசி எழுத்துலேருந்து. அங்கேருந்து இப்படியே முன்னாடி வந்தாரு. முதல் எழுத்துக்கு வந்தப்ப நிறுத்திட்டு, கீழ படியில உட்கார்ந்துட்டாரு. அதைச் சுரண்டல."

"அப்புறம்?"

"அது அப்படியேதான் இருந்துச்சு. மேல பெயின்ட் அடிச்சுடலாமான்னு டிரைவர் கேட்டதுக்கு எங்கப்பா விடலை. வண்டியை விக்கற வரைக்கும் இருந்துச்சு அந்த ஒத்தை எழுத்து."

அவர் தலையாட்டினார். லாரியை மேஜை விளிம்புக்கு இழுத்து, கதவு தன் பக்கம் வருமாறு சாய்த்தார். சக்கரம் உருண்டது. இடது கையால் மட்டும் பிடி நிற்கவில்லை. மனைவி கேட்காமலே கையை நீட்டி, ஒரு விரலை முன் பம்பரிலும் ஒரு விரலைப் பின்பலகையிலும் வைத்து வண்டியை அசையாமல் பிடித்துக்கொண்டாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தி முனையைக் கடைசி எழுத்தின் வளைவில் வைத்து லேசாக இழுத்தார். வெள்ளை ஏடு தூசி அளவுக்குச் சுருண்டு கத்தியில் ஏறியது. அது இருந்த இடத்தில், அடியில் அவர் கலக்கி அடித்த சிவப்பு தெரிந்தது.